யாழ்ப்பாணம் மதுரைக்கு எந்தப் பக்கம்?

மதுரையில் நிற்கும் ஒருவரிடம் யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், கை பெரும்பாலும் தெற்கே நீளும். கொஞ்சம் யோசித்துச் சொல்பவர் தென்கிழக்கு என்பார். அட்லஸைப் பிரித்தால் இரண்டும் தப்பு. மதுரை இருப்பது ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில், யாழ்ப்பாணம் 9.7 பாகையில். தெற்கு வடக்காக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 கிலோமீட்டர்கூட இல்லை. கிழக்கு மேற்காகவோ 200 கிலோமீட்டருக்கு மேல். ஆக, யாழ்ப்பாணம் மதுரைக்குக் கிட்டத்தட்ட நேர்கிழக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்மேற்கே ஒரு கோடு இழுத்தால் அது பாக் விரிகுடாவைக் கடந்து தொண்டிக்குத் தெற்கே கரையேறி, மானாமதுரையை ஒட்டிப் போய், ஆலப்புழைக்கு வடக்கே அரபிக்கடலில் இறங்கும். கன்னியாகுமரி அந்தக் கோட்டுக்குத் தெற்கே 170 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. திருகோணமலையும் அனுராதபுரமும்கூடக் கன்னியாகுமரிக்கு வடக்கே இருக்கும் ஊர்கள்தான்.

இந்தத் தவறை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மனம் இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் விதமே இப்படித்தான். 1978இல் ஸ்டீவன்ஸ், கூப் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரத்து மாணவர்களிடம், பக்கத்து மாநிலமான நெவாடாவில் உள்ள ரீனோ எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்கள். வடகிழக்கு என்ற பதிலே ஓங்கியிருந்தது. உண்மையில் ரீனோ வடமேற்கே இருக்கிறது. நெவாடா மாநிலம் கலிஃபோர்னியாவுக்குக் கிழக்கே என்பது மனத்தில் பதிந்திருந்ததால், அதற்குள் இருக்கும் ஊரும் கிழக்கேதான் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. ஊரை ஊராக நினைவில் வைப்பதில்லை. பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டியாக வைக்கிறோம். இலங்கை இந்தியாவுக்குத் தெற்கே என்ற பெட்டிக்குள் யாழ்ப்பாணமும் போய் உட்கார்ந்துகொண்டது. கவனிக்க வேண்டியது வேறொன்று. நம் வகுப்பறைச் சுவர்களில் இந்திய வரைபடம் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சரியான விடை அதில் எப்போதும் இருந்தது. பத்து ஆண்டுகள் அதற்கெதிரே உட்கார்ந்து எழுந்தவர்களுக்கும் அது கண்ணில் படவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் இடம் புரிந்துவிடாது.

கணினித் திரையில் விரியும் ஊடாடும் வரைபடங்களைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று பேசுகிறவர்கள் வழக்கமாக அதன் அழகைத்தான் முன்வைக்கிறார்கள். விண்வெளியிலிருந்து இறங்கி வந்து பள்ளிக்கூடத்தின் கூரையில் நிற்கலாம், எவரெஸ்டைச் சுற்றி வரலாம், நைல் நதியோடு பறக்கலாம். அந்த வியப்பு ஐந்து நிமிடம் தாங்கும்; அதற்குப் பிறகு அதுவும் ஒரு சுவர் வரைபடமே, மின்சாரம் செலவாகும் சுவர் வரைபடம். இதன் உண்மையான பயனை வேறிடத்தில் தேட வேண்டும். தாளில் அச்சான வரைபடம் முடிந்துபோன ஒரு முடிவு. எந்த அளவில் வரைவது, எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த நிறம் பூசுவது என்பதெல்லாம் யாரோ தீர்மானித்து அச்சுக்குப் போய்விட்டது. திரை வரைபடத்தில் அந்தத் தீர்மானங்களை மாணவரே மாற்றிப் பார்க்கலாம். மாற்றியதும் உலகம் எப்படி வேறாகத் தெரிகிறது என்பதையும் அங்கேயே காணலாம். கழற்றிப் பார்க்கவும் திரும்பப் பூட்டவும் முடிகிற வரைபடம் என்பதுதான் அதன் தகுதி. அப்படிக் கழற்றவிடாமல் ஆசிரியர் திரையில் ஓட்டிக்காட்டுவதோடு நிறுத்தினால், வாங்கிய ப்ரொஜெக்டருக்கு வேலை கொடுத்தது மட்டுமே மிச்சம்.

திரை வரைபடம் கட்டப்பட்டிருக்கும் விதமே இதற்கு இடம்கொடுக்கிறது. முழு உலகமும் முதலில் 256க்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு சதுர ஓட்டில் அடங்கிவிடுகிறது. ஒரு படி நெருங்கினால் அந்த ஓடு நான்காகப் பிரிகிறது. இன்னொரு படி நெருங்கினால் பதினாறாக. தெருக்களும் வீடுகளும் தெரியும் 18ஆவது படியில் உலகம் 6,870 கோடிக்கும் மேற்பட்ட ஓடுகளாக உடைந்திருக்கும். நம் திரைக்குத் தேவையான சில ஓடுகள் மட்டும் இறங்கி வருவதால்தான் சாதாரணக் கைப்பேசியிலும் உலகம் முழுவதையும் உருட்ட முடிகிறது. இப்போதெல்லாம் பல வரைபடங்கள் படமாகக்கூட வருவதில்லை. சாலை, ஆறு, ஊர்ப்பெயர் எல்லாம் தனித்தனித் தரவாக வந்து நம் கருவியில்தான் வரையப்படுகின்றன. அதனால் சாலையை அணைத்துவிட்டு ஆற்றை மட்டும் வைக்கலாம், ஊர்ப்பெயரைத் தமிழில் வரச் செய்யலாம். வரைபடம் அடுக்குகளால் ஆனது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு மாணவருக்கு விளக்க வழியில்லை.

முதலில் கழற்ற வேண்டியது உலக உருவத்தையே. உருண்டையைக் கசங்காமல் தட்டையாக விரிக்க முடியாது. ஆரஞ்சுத் தோலை மேசையில் அழுத்திப் பார்த்த எவருக்கும் இது தெரியும். 1569இல் கெரார்டஸ் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக ஒரு முறையைக் கண்டார்: திசைமானி காட்டும் மாறாத் திசை, தாளில் நேர்கோடாக வரும். அதற்குக் கொடுத்த விலை பரப்பளவு. துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். இணைய வரைபடங்களும் இதே முறையின் ஒரு வகையைத்தான் எடுத்துக்கொண்டன. எந்த நாட்டுத் தெருவானாலும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் சந்து திரையிலும் செங்கோணமாகவே தெரியும், வடக்கு எப்போதும் மேலே நிற்கும் என்பதால் அது வசதி. ஆனால் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர் கொண்ட கிரீன்லாந்து, 3 கோடி சதுர கிலோமீட்டர் கொண்ட ஆப்பிரிக்காவுக்கு நிகராகக் காட்சி தருகிறது, 32.9 லட்சம் சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தியா அதன் பக்கத்தில் சிறுத்துப்போகிறது. 2018 ஆகஸ்டில் கூகுள் மேப்ஸ், கணினித் திரையில் முழுவதும் பின்னுக்குப் போனால் உருண்டையையே காட்டும்படி மாற்றிக்கொண்டது. கிரீன்லாந்து கதை பலருக்கும் தெரிந்ததுதான். வகுப்பறைக்கு அதைவிட நல்ல சோதனை திரையின் மூலையில் சும்மா கிடக்கும் சிறு அளவுகோல். மெர்கேட்டர் முறைத் தட்டை வரைபடத்தில் கன்னியாகுமரியை நடுவில் வைத்து அந்தக் கோட்டைக் குறித்துக்கொண்டு, ஜூமைத் தொடாமல் வரைபடத்தை மாஸ்கோவரை இழுத்துப் பார்க்கச் சொல்லலாம். கன்னியாகுமரியில் 100 கிலோமீட்டரைக் காட்டிய அதே திரை நீளம், மாஸ்கோவில் சுமார் 57 கிலோமீட்டரைத்தான் காட்டும். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் மண்ணில் இந்தக் கோணல் கண்ணுக்கே தெரியாது. தெரியாததால் உலகம் முழுவதும் நேராக இருப்பதாக நம்பிவிடுவார்கள். இழுத்துப் பார்த்தால்தான் உடையும் நம்பிக்கை இது.

அடுக்குகளின் பயனுக்கு நம் கையருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் கணக்கில் இருக்கின்றன. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் நிலம் முழுக்கப் பிறைபிறையாகக் கண்மாய்கள் கிடக்கும். ஒவ்வொரு பிறைக்கும் ஒரு பக்கம் செதுக்கியது போன்ற வளைவு. எதிர்ப்பக்கம் நைந்த துணியோரம் போல ஒழுங்கற்ற விளிம்பு. செதுக்கிய பக்கம் மனிதர் போட்ட கரை. நைந்த பக்கம் தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் பரவும் உள்வாய். கரையைப் பள்ளத்துப் பக்கம்தானே போட்டாக வேண்டும்? அப்படியானால் உயரத்தைப் பற்றி ஒரு எண்ணும் தெரியாமலே, கண்மாயின் உருவத்தை மட்டும் வைத்து நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒரு எட்டாம் வகுப்பு மாணவி சொல்லிவிட முடியும். பத்துக் கண்மாய்களுக்கு அம்புக்குறி போடச் சொன்னால் அம்புகள் ஒரே பக்கமாக, கிழக்கும் தென்கிழக்குமாகத் திரும்பி நிற்கும். அதன்பிறகு ஒரு கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்கிலிருந்து கிளம்பும் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்துக்காலாக மாறுவதையும், அந்தச் சங்கிலி கடல்வரை போவதையும் அவரே கோடிழுத்து இணைத்துக்கொள்வார். பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. இங்கே அது மாணவர் கண்டுபிடித்த முடிவாக நிற்கிறது.

இதன் மேல் உயர அடுக்கைப் போடும்போது பாடம் இன்னும் சுவாரசியமாகிறது, ஏனென்றால் அங்கே கருவி தோற்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடார் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்து தந்த உயரத் தரவு இன்று எவருக்கும் இலவசம். வருசநாட்டு மலையிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய்வரை வைகையின் பாதையில் அதை வைத்துக் குறுக்குவெட்டு வரைந்தால் சரிவு அழகாக விழும். ஆனால் சமவெளியில் அடுத்தடுத்த இரண்டு கண்மாய்களை எடுத்துக்கொண்டால் கணக்கு குழம்பும். அவற்றுக்கிடையே இருப்பது ஓரிரு மீட்டர் இறக்கம். அந்தத் தரவின் பிழையோ சில மீட்டர்கள். போதாததற்கு, ரேடார் பல இடங்களில் தரையைத் தொடாமல் மரத்தின் தலையைத் தொட்டுத் திரும்பியிருக்கும். கருவேலங்காடு மேடாகத் தெரியும். ஆக, மேலேயிருந்து தண்ணீர் கீழே வருவதற்குப் பதிலாகக் கீழேயிருந்து மேலே ஏறுவதாகத் திரை சொல்லும். ரேடாருக்குப் பிடிபடாத இந்த ஓரிரு மீட்டரை, கலுங்கு எங்கே வைப்பது என்று தீர்மானித்த பழைய கைகள் பிடித்திருந்தன. அளவீட்டுக்குப் பிழை வரம்பு உண்டு என்பதை இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் வைத்துச் சொல்லித்தருகிறோம். இங்கே ஊர்த் தண்ணீரை வைத்தே சொல்லித்தரலாம். வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா, மடை திறக்கிறதா என்பதைத் திரை சொல்லாது. அதற்கு நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும், போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு.

காலத்தையும் ஓர் அடுக்காக்கலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972இல் தொடங்கியது. 2008இல் அந்தப் படக் களஞ்சியம் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. 1984 முதலான படங்களை ஆண்டுக்கொன்றாகக் கோத்து ஓட்டிக்காட்டும் வசதியும் இணையத்தில் உண்டு. சென்னையின் பள்ளிக்கரணையை அதில் வைத்துப் பார்த்தால், பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கட்டடங்கள் முளைத்துச் சதுப்பைச் சுற்றி இறுக்குவது நொடிகளில் ஓடி முடியும். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அந்தச் சதுப்புநிலத்துக்குக் குறித்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். மாணவர்கள் ஓடும் படத்தைப் பார்த்து அதிர்ச்சியடைந்ததோடு நின்றால் அது செய்திப்படம். 1988, 2003, 2018 என்று மூன்று ஆண்டுகளில் சதுப்பின் விளிம்பைத் தாங்களே வரைந்து பரப்பை அளந்தால்தான் அது அறிவியல். வரையத் தொடங்கியதும் சிக்கல்கள் தலைகாட்டும். லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், சென்னைக் கணக்கில் நான்கு கிரவுண்டு. நான்கு கிரவுண்டில் பாதி கோரையும் பாதி காங்கிரீட்டும் இருந்தால் அந்தப் புள்ளியை எதில் சேர்ப்பது? வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரின் தண்ணீரையும் மே மாதத்து வெடிப்பையும் ஒப்பிட்டுவிட்டு ‘சதுப்பு சுருங்கிவிட்டது’ என்று சொல்லலாமா? ஆண்டுக்கொரு படம் என்று நமக்குக் கிடைப்பதே பல நாள் படங்களின் மேகமில்லாத துண்டுகளை ஒட்டுப்போட்ட கலவை. இத்தனையையும் கழித்த பிறகும் சதுப்பு சுருங்கியது உண்மை என்றே தெரியவரும். ஆனால் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த மாணவர், நாளை யாராவது இரண்டு செயற்கைக்கோள் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி ஏமாற்ற முயன்றால் முதலில் தேதியைக் கேட்பார்.

நிறம் பூசுவதிலும் இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். சராசரி அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். சென்னையில் 26,500க்கும் மேல், நீலகிரியில் 300க்கும் கீழ். இந்த எண்களை ஒரு மென்பொருளில் கொடுத்து ஐந்து நிறத்தில் சம இடைவெளியில் பிரி என்றால், ஒவ்வொரு படியும் ஐயாயிரத்துச் சொச்சம் பேராக வரும். சென்னைக்கு அடுத்த இடத்தில் உள்ள கன்னியாகுமரியே 1,100ஐ ஒட்டித்தான். ஆகவே சென்னை ஒன்று கருஞ்சிவப்பாகவும் மீதி 31 மாவட்டமும் ஒரே வெளிர்நிறமாகவும் விழும். நடுவில் உள்ள மூன்று நிறங்கள் வேலையின்றி நிற்கும். அதே எண்களைச் சம எண்ணிக்கையில் பிரி என்று ஒரு சொடுக்கில் மாற்றினால் நிறத்துக்கு ஆறேழு மாவட்டமாகப் பரவி, சென்னையும் கன்னியாகுமரியும் ஒரே நிறத்தில் தோளோடு தோள் நிற்கும். இரண்டு படத்திலும் ஒரு எண்கூடப் பொய்யில்லை. முதல் படத்தைப் பார்த்தவர் ‘சென்னையைத் தவிர எங்கும் நெரிசலில்லை’ என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் ‘நெரிசல் பரவலாக இருக்கிறது’ என்பார். தேர்தல் முடிவு, நோய்ப்பரவல், வறுமை என்று வண்ண வரைபடங்களை வைத்தே பேசும் காலத்தில் குடிமைப் பாடமாகவே இதைக் கொள்ளலாம். தாளில் இதைச் செய்ய இரண்டு வகுப்பு நேரமும் ஒரு பெட்டிக் கலர்ப்பென்சிலும் ஆகும். திரையில் பத்து விநாடி. கற்பித்தலில் கணினி சேர்க்கும் உண்மையான வேறுபாடு இந்தப் பத்து விநாடிதான்: மறுபடி வரைவதற்குச் செலவில்லை என்பதால் மறுபடி யோசிப்பதற்கும் தயக்கமில்லை.

வரைபடம் தானாக உண்மையைக் கக்கும் என்ற எண்ணத்துக்கு அடிக்கடி ஜான் ஸ்னோவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது அவர் சாவுகளை வரைபடத்தில் குறித்தார், அவை பிராட் தெருக் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன, குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது, நோய் நின்றது என்பது கதை. நடந்தது வேறு. காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற கருத்தை ஸ்னோ 1849இலேயே அச்சில் வெளியிட்டுவிட்டார். புகழ்பெற்ற அந்த வரைபடம் நோய் ஓய்ந்த பிறகுதான் வந்தது. கைப்பிடி கழன்ற செப்டம்பர் 8ஆம் தேதிக்கு முன்பே சாவுகள் குறையத் தொடங்கியிருந்ததை அவரே ஒப்புக்கொண்டார். வரைபடத்தைவிட அவருக்குக் கைகொடுத்தவை விதிவிலக்குகள்: குழாய்க்குப் பக்கத்தில் 535 பேர் வாழ்ந்த ஓர் ஏழையர் விடுதியில் காலராவால் இறந்தவர்கள் ஐந்தே பேர், அங்கே சொந்தக் கிணறு இருந்தது, அருகிலிருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர்களுக்கோ குடிக்க பீர் கிடைத்தது. கேள்வி முதலில் வந்தது, வரைபடம் அதற்கு உதவியது. வகுப்பறையிலும் அந்த வரிசை மாறக் கூடாது. ஊகத்தை முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் திரையைத் திறக்க வேண்டும். யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் என்று எழுதி வைக்காத மாணவருக்கு, சரியான விடையைக் காட்டினாலும் ‘எனக்குத் தெரியுமே’ என்றுதான் தோன்றும்.

எதிர்ப்புகளில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். வழிகாட்டும் கைப்பேசியே மனிதரின் திசையறிவை மழுங்கடிக்கிறது, அதை ஏன் பள்ளிக்குள்ளும் விட வேண்டும் என்பார்கள். இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2008இல் ஜப்பானில் இஷிகாவாவும் சகாக்களும் செய்த ஆய்வில், ஜிபிஎஸ் கருவியோடு நடந்தவர்கள் தாள் வரைபடத்தோடு நடந்தவர்களைவிட அதிக தூரம் நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேரில் ஒருமுறை அழைத்துச் செல்லப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், வந்த வழியை வரைந்துகாட்டுவதிலும் பின்தங்கினார்கள். மறுபக்கம் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள். நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக்கி உரிமம் பெற்றவர்களின் மூளையில், இடநினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருப்பதை 2011இல் வூலெட், மகுவையர் இருவரும் காட்டினார்கள். பயிற்சி எடுத்தும் தேறாதவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. இரண்டு ஆய்வுகளும் சொல்வது ஒன்றே: முடிவெடுக்கும் வேலை யாரிடம் இருக்கிறதோ அவர் கற்கிறார். ‘இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்’ என்ற குரல் அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. கண்மாய்க்கு அம்புக்குறி போடச் சொல்லும் பாடம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே திரையில் நடக்கின்றன என்பதற்காக ஒன்றாகிவிடாது. அதனால் ஒரு நிபந்தனை வேண்டும்: வகுப்பறை வரைபடத்தில் நம் இருப்பிடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அணைந்தே இருக்கட்டும்.

இதனால் மதிப்பெண் கூடுமா என்பது அடுத்த கேள்வி. நேர்மையாகச் சொன்னால், வகுப்பறையில் ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் மென்பொருளைப் பயன்படுத்திச் செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, சில மாதங்களில் முடிந்தவை. புதுக்கருவி தரும் உற்சாகத்தையும் கற்றலையும் பிரித்தறிவது கடினம். உறுதியாகத் தெரிவது இதற்கு ஒரு படி முந்தையது. 2013இல் அட்டல் குழுவினர் 217 ஆய்வுகளைத் தொகுத்து அலசியதில், இடஞ்சார் சிந்தனை பிறவிக் கொடையாக மட்டும் நின்றுவிடுவதில்லை, பயிற்சியால் வளரும், வளர்ந்தது சில காலம் நிலைக்கவும் செய்யும் என்று தெரியவந்தது. சராசரிப் பயன் 0.47 திட்டவிலக்கம், கல்வி ஆய்வுகளில் இது மதிக்கத்தக்க அளவு. பயிற்சியால் வளரும் திறனுக்கு, மறுபடி மறுபடி முயன்று பார்க்க இடம்தரும் கருவி பொருத்தமானது என்பது நியாயமான ஊகம். நிரூபணம் என்று இதைச் சொல்ல முடியாது, விற்பனையாளர்கள் சொல்வார்கள்.

வசதி இல்லையே என்பது மூன்றாவது. 2023-24ஆம் ஆண்டுக்கான யுடைஸ் அறிக்கையின்படி இந்தியப் பள்ளிகளில் இணைய வசதி உள்ளவை சுமார் 54 விழுக்காடு. இணையம் இருக்கும் இடத்திலும் ஹைடெக் லேபின் சாவி யாரிடம் என்பது தனிக் கதை. ஆனால் மேலே சொன்ன எந்தப் பாடத்துக்கும் ஆளுக்கொரு கணினி தேவையில்லை. ஒரு கணினி, ஒரு ப்ரொஜெக்டர், நான்கு பேராகப் பிரிந்த மாணவர்கள் போதும். சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவதற்கு நால்வர் குழு நல்லதும்கூட. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இணையமின்றி இயங்கும். இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. பள்ளிகளுக்கென்றே அதில் ஒரு பிரிவும் உண்டு. கணினியே இல்லாவிட்டால் அச்சிட்ட ஒரு செயற்கைக்கோள் படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து ஆற்றை ஒன்றிலும் சாலையை இன்னொன்றிலும் வரையலாம். அடுக்கு என்ற கருத்து அதிலேயே வந்துவிடும். கணினி இல்லாத பள்ளி இழப்பது மீண்டும் வரைந்து பார்க்கும் வேகத்தை; சிந்தனையை இழக்கத் தேவையில்லை.

இந்த வரைபடங்கள் எவருடையவை என்ற கேள்வி, எதிர்ப்பாக எழுந்தாலும் பாடமாகவே மாற்றிக்கொள்ளத் தக்கது. கூகுள் மேப்ஸ் காஷ்மீர் எல்லையை இந்தியாவுக்குள் இருந்து பார்ப்பவருக்கு ஒரு விதமாகவும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறு விதமாகவும் காட்டுகிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லைக்கோடே இங்கே சட்டப்படி செல்லும் என்பதை ஆசிரியர் சொல்லிவிட்டு, வரைபடத்துக்கு எப்போதும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். வணிக வரைபடத்தில் உணவகம் பளிச்சென்று தெரியும், ஊருணி பெயரில்லாத நீலத் திட்டாகக் கிடக்கும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் போர்ட்டோபிரின்ஸ் நகரத் தெருக்களைச் செயற்கைக்கோள் படம் பார்த்து அதில் வரைந்து கொடுத்தார்கள். தங்கள் ஊர்க் கண்மாயின் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு எழுத்துப் பிசகாமல் அதில் ஏற்றும் ஒரு ஒன்பதாம் வகுப்பு, வரைபடம் எப்படி உண்டாகிறது என்பதை வேறெதிலும் கற்க முடியாத அளவுக்குக் கற்றுக்கொள்ளும். வீடு, கைப்பேசி எண் போன்றவற்றை மட்டும் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் குறுக்கே நிற்பது கணினியோ இணையமோ இல்லை, தேர்வுத்தாள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வில் வெற்று வரைபடத்தைக் கொடுத்து இடங்களைக் குறிக்கச் சொல்கிறோம். பிள்ளைகள் எந்த வளைவுக்குப் பக்கத்தில் எந்தப் புள்ளி என்று படமாக மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். கேட்கும் கேள்வி அதுவாக இருக்கும்வரை எந்த ஆசிரியரும் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை, காவிரி மலைகளுக்கிடையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாயிலில் நிற்கிறது. அதைப் புள்ளியாகக் குறிக்கச் சொல்வதற்குப் பதிலாக, அந்தப் பகுதியின் சமஉயரக் கோடுகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, அணையை இங்கே கட்டுவீர்களா, பவானிக்கு அருகே கட்டுவீர்களா, ஏன் என்று கேட்கலாம். தேர்வறையில் கணினி வேண்டாம், இணையம் வேண்டாம். வினாத்தாள் தயாரிப்பவர்கள் வரும் ஆண்டில் இப்படி ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கட்டும். மூன்று மதிப்பெண் போதும்.